ப்ராக்ஸி கொடுக்க யாரை அனுப்பலாம்?

கல்லூரியில் ப்ராக்ஸி கொடுப்பது சுலபம். குரலைக் கொஞ்சம் மாற்றி 'உள்ளேன் ஐயா' என்றால் வேலை முடிந்தது. கம்பெனிக் கூட்டத்திலும் ப்ராக்ஸி உண்டு. 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டம், 105வது பிரிவு (பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி படித்தவர்களுக்கும் இது ஞாபகம் இருக்கும்): பங்குதாரருக்குப் பதிலாக வருபவர் வாக்கெடுப்பு நடந்தால் ஓட்டுப் போடலாம், ஆனால் பேச உரிமை கிடையாது.

இதற்கு நேர் எதிரான ப்ராக்ஸி ஒன்று இருக்கிறது. அங்கே பேச்சுதான் எல்லாமே.

பி.என்.ஐ. என்ற வணிகத் தொடர்புக் குழுவைப் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். 1985இல் இவான் மைஸ்னர் கலிபோர்னியாவில் ஆரம்பித்தது, இன்று சென்னை, கோவையிலும் நடக்கிறது. ஒரு குழுவில் ஒரு தொழிலுக்கு ஒருவர்தான். ஒரு ஆடிட்டர், ஒரு டைல்ஸ்காரர், ஒரு கேட்டரிங்காரர். வாரம் ஒருமுறை, பெரும்பாலும் காலங்கார்த்தாலே கூடுவார்கள். ஒவ்வொருவரும் ஒரு நிமிடம் போல எழுந்து நின்று, தன் தொழில் என்ன, எப்படிப்பட்ட வாடிக்கையாளர் வேண்டும் என்று சொல்ல வேண்டும். தெரிந்தவர்கள் இருந்தால் மற்றவர்கள் கைகாட்டி விடுவார்கள். ஆறு மாதத்தில் மூன்று முறைக்கு மேல் மட்டம் போட்டால் இடமே போகலாம், அதில் போட்டிக் கடைக்காரர் வந்து உட்காரலாம்! மாற்று ஆள் அனுப்பினால் அது ஆப்சென்ட் கணக்கில் வராது.

ரோட்டரி சங்கமும் 1905இல் சிகாகோவில் இப்படித் தொழிலுக்கு ஒருவர் என்றுதான் தொடங்கியது. அங்கே கூட்டத்துக்கு வராதவர் வேறொரு சங்கத்தின் கூட்டத்துக்குப் போய் வருகைக் கணக்கை ஈடுகட்டலாம். ஆள் அதே ஆள், இடம்தான் வேறு. இங்கே இடம் அதே இடம், ஆள் வேறு. அதனால்தான் யாரை அனுப்புவது என்பது பெரிய கேள்வியாகிறது.

நடப்பது என்ன? கடையில் அன்றைக்கு யார் சும்மா இருக்கிறாரோ அவர் போவார். இல்லையென்றால் வீட்டில் இருக்கும் பி.காம். படிக்கும் பிள்ளை! எழுதிக் கொடுத்ததை ஒப்பித்துவிட்டு, டிபன் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவான். வருகைப் பதிவு பிழைத்தது. சந்தா கட்டிய காசு?

சிலர் நன்றாகப் பேசத் தெரிந்தவரைத் தேடிப் பிடிக்கிறார்கள். இதுவும் சரிவராது. இந்த வாரம் டைல்ஸுக்குப் பேசிய அதே வாய் அடுத்த வாரம் பல் டாக்டருக்குப் பேசினால் கேட்பவர் எதை நம்புவார்?

அனுப்ப வேண்டியது வாடிக்கையாளரை. கேட்டரிங் நடத்தும் ஒரு பெண்மணிக்கு, கூட்டம் நடக்கும் அதே காலையில் முகூர்த்த ஆர்டர் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய மேனேஜர் போனால் 'எங்கள் சாப்பாடு தரமாக இருக்கும்' என்பார். எல்லோரும் சொல்வதுதானே. போன மாதம் கிரகப்பிரவேசத்துக்கு அவரிடம் சமைக்கச் சொன்னவர் போனால்? 'இருநூறு பேருக்குச் சொன்னோம், இருநூற்றைம்பது பேர் வந்துவிட்டார்கள். கடைசிப் பந்தி வரைக்கும் சாம்பாரில் தண்ணீர் சேரவில்லை' என்பார். இதை அந்த அம்மாவே சொன்னால் தற்பெருமை.

வாடிக்கையாளருக்கு விலை தெரியாதே என்று கேட்கலாம். தெரிய வேண்டாம். 'அவரையே பேசச் சொல்கிறேன்' என்றால் போதும். குத்துமதிப்பாக ஒரு ரேட்டைச் சொல்லி வைப்பது, வராமலே இருப்பதைவிட மோசம். அப்புறம் அந்தம்மா அதற்கு மேல் கேட்டால் ஏமாற்றுக்காரி என்ற பெயர்தான் மிஞ்சும்.

ஒரு விஷயத்தை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். மாற்று ஆளுக்குப் பேசும் வேலை ஒரு நிமிடம்தான். மீதி நேரம் முழுக்கக் கேட்கும் வேலை. டைல்ஸ்காரர் யாரைத் தேடுகிறார், ஆடிட்டருக்கு எந்த மாதிரி கம்பெனி வேண்டும் என்று குறித்துக்கொண்டு வர வேண்டும். இல்லாவிட்டால் அந்த வாரம் அவர்களுக்குக் கைகாட்ட இவரிடம் ஒன்றும் இருக்காது. வாங்கிக்கொண்டே இருப்பவரை எந்தக் குழு எத்தனை நாள் தாங்கும்?

அன்று சாயங்காலமே போன் போட்டு, யார் என்ன கேட்டார்கள் என்று விசாரிக்க வேண்டும். 'பொங்கல் பிரமாதம்' என்று மட்டும் பதில் வந்தால், அடுத்த முறைக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளலாம்.