தலாக்கின்போது கணக்கை மறைக்கலாமா?

கோடியக்கரைக்கு வடக்கே தோப்புத்துறையிலும் மேற்கே முத்துப்பேட்டை, அதிராம்பட்டினத்திலும் கடல் கடந்து பொருளீட்டும் ஆண்கள் ஏராளம். அவர்களின் வருவாய் எவ்வளவு, அது எந்த வங்கியில் உள்ளது என்பது மனைவிக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை. இல்லறம் இனிதே நடக்கும்வரை தொல்லையில்லை. தலாக் என்று வந்துவிட்டாலோ, கணவர் ஜமாஅத்தில் கையை விரிக்கிறார். பெண் வீட்டார் கேள்விப்பட்டதையெல்லாம் கூட்டிச் சொல்கின்றனர்.

2020 நவம்பர் 4 அன்று, ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதே நோயைச் சுட்டிக்காட்டியது. மனைவி தேவையை மிகைப்படுத்துவதும் கணவர் வருவாயை மறைப்பதும் வழக்கமாகிவிட்டதெனக் கூறி, ஜீவனாம்ச வழக்குகளில் இருவரும் சொத்து, வருமானம், கடன் ஆகியவற்றைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய உத்தரவிட்டது. 2024 ஜூலை 10 அன்று வேறொரு தீர்ப்பில், தலாக் பெற்ற முஸ்லிம் பெண்ணும் பொதுச் சட்டத்தின்கீழ் ஜீவனாம்சம் கோரலாம் என்றது. ஆகவே, அந்தப் பத்திரம் நம் வாசலுக்கும் வரும்.

அதுவரை நாம் காத்திருக்க வேண்டுமா, வாசகர்களே? இத்தாக் காலச் செலவுக்கும் பாலூட்டும் தாய்க்குரிய செலவுக்கும் ஆணின் வசதியையே அளவாக்குகிறது, திருமறையின் அத்தலாக் அத்தியாயம் 7ஆம் வசனம். வசதியை மறைத்துவிட்டு, இறைவன் சொன்னபடி கொடுத்தேன் என்று எவ்வாறு கூற இயலும்?

அபூ ஸுஃப்யான் (ரலி) போதிய செலவு தருவதில்லை என அவர் துணைவியார் ஹிந்த் (ரலி) முறையிட்டபோது, தமக்கும் பிள்ளைகளுக்கும் போதுமானதை முறைப்படி எடுத்துக்கொள்ள நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். கணவரின் பொருள் வீட்டிலேயே கைக்கெட்டும் இடத்தில் இருந்தது, எடுக்க முடிந்தது. துபாய் வங்கியில் கிடப்பதை நம் பெண் எப்படி எடுப்பாள்?

ஆதலால், நீதிமன்றம் கேட்குமுன் ஜமாஅத்தில் இருவரும் தாமாகவே எழுதித் தரட்டும். கணவர் சம்பளம், நிலம், வைப்புத்தொகை, கடன் ஆகியவற்றை எழுதட்டும். மஹர் கைக்கு வந்ததா, தம் பெயரில் வாங்கிய மனைக்குப் பணம் அனுப்பியவர் யார் என்பதை மனைவி எழுதட்டும். நகை விஷயத்தில்தான் நம்மவர்களின் கவனக்குறைவு மிகுதி. விசாவுக்காக அடகு வைத்து மூழ்கிப்போன மனைவியின் நகையை எத்தனை கணவர்கள் தம் கடனாகக் கணக்கில் சேர்க்கின்றனர்? பிறந்த வீட்டார் தந்ததும் கணவர் வீட்டார் தந்ததும் அவளுக்கே உரியவை என்று 1986ஆம் ஆண்டின் முஸ்லிம் பெண்கள் சட்டமும் சொல்கிறது.

இன்னொன்று. அந்தப் பட்டியலைப் பார்ப்பது முத்தவல்லியும் இரு தரப்பிலிருந்தும் ஒவ்வொருவரும் என்ற அளவில் நிற்கட்டும். அது தேநீர்க் கடைப் பேச்சாகிவிட்டால், அடுத்த குடும்பத்தார் எழுதித் தர முன்வர மாட்டார்கள்.