உறுதிமொழி மட்டும் போதாது

சென்னையின் மேற்கே நூம்பலிலிருந்து வேலப்பன்சாவடி, பூந்தமல்லி வரை பள்ளிகளும் கல்லூரிகளும் நிறைந்த பகுதி. 2022 ஆகஸ்டில் தமிழ்நாடு முழுவதும் மாணவர்கள் போதைக்கு எதிராக உறுதிமொழி எடுத்தபோது, இங்குள்ள பிள்ளைகளும் எடுத்தார்கள். ஆனால் அந்தப் பிரசாரம் ஒரு சிறு கூட்டத்தைக் கணக்கில் கொள்ளவே இல்லை. டைப் 1 சர்க்கரை நோயோடு, தினமும் இன்சுலின் போட்டுக்கொண்டு படிக்கும் பிள்ளைகள் அவர்கள். மற்றவர்களுக்குப் பல ஆண்டுகளில் வரும் கேடு, இவர்களுக்கு ஒரே இரவில் வரலாம்.

ரத்தத்தில் சர்க்கரை குறைந்தால் கல்லீரல் புதிதாகக் குளுக்கோஸ் தயாரித்து ஈடுகட்டும். மது அந்த வேலையைத் தடுக்கிறது. மாலையில் குடித்தவருக்கு, தூங்கிய பிறகு, விடியற்காலையில்கூடச் சர்க்கரை சரியலாம். நாக்குக் குழறுவது, தள்ளாடுவது, மயங்குவது என்று அதன் அறிகுறிகள் குடிபோதையைப் போலவே இருக்கும். ‘போதை தெளியட்டும்’ என்று நண்பர்கள் விட்டுவிட்டால் உயிர் போகலாம்.

கஞ்சாவின் ஆபத்து வேறு வகை. அமெரிக்காவின் கொலராடோவில் டைப் 1 நோயுள்ள 450 பெரியவர்களிடம் நடந்த ஆய்வில், கஞ்சா பயன்படுத்தியவர்களுக்குக் கீட்டோஅசிடோசிஸ் ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காகக் காணப்பட்டது. இன்சுலின் போதாமல் ரத்தம் அமிலமாகும் அந்த நிலையில் வாந்தியும் வயிற்றுவலியும் வரும். நீண்டநாள் கஞ்சாப் பழக்கமும் ஓயாத வாந்தியைக் கொண்டுவரும் என்பதால், எது எதுவென்று புரியாமல் சிகிச்சை தாமதமாகிறது. வலி நிவாரண மாத்திரைகளைப் போதைக்காக எடுப்பவர், சோர்வில் ஊசி நேரத்தையும் சாப்பாட்டையும் தவறவிடுகிறார்.

இதையெல்லாம் பிள்ளைகளிடம் விளக்கினால் பழகத் தூண்டியதாகிவிடும் என்று பெற்றோர் பலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தில் நியாயம் உண்டு. ஆனால் பேசாமல் இருப்பதால் பழக்கம் நின்றுவிடுவதில்லை, ஒளிந்துகொள்கிறது. ஏற்கெனவே நோயை வகுப்பில் மறைக்கும் பிள்ளை, இதையும் சேர்த்து மறைக்கும். ‘தொடாதே’ என்பதை உறுதியாகச் சொல்வோம். ஏன் என்பதையும், தவறிவிட்டால் என்ன செய்வது என்பதையும் சேர்த்தே சொல்வோம்.

செய்ய வேண்டியவை மூன்று. சர்க்கரை நோய் சிகிச்சைக்கு வரும் வளரிளம் பருவத்தினரிடம், பெற்றோரை வெளியே இருத்திவிட்டு, மருத்துவர் தனியாகப் பேசுவது வழக்கமாக வேண்டும். பள்ளிகளின் போதை விழிப்புணர்வு வகுப்பில் முதலுதவியும் இடம்பெற வேண்டும்: சர்க்கரை சரிந்தவருக்கு நினைவிருந்தால் உடனே சர்க்கரை கொடுக்க வேண்டும், நினைவில்லையென்றால் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து 108ஐ அழைக்க வேண்டும், வாந்தி எடுத்தாலும் இன்சுலினை அறவே நிறுத்தக்கூடாது. மூன்றாவதாக, மயங்கிக் கிடக்கும் இளைஞரைக் கண்டால் விசாரணைக்கு முன் சர்க்கரை அளவைப் பார்க்கவைக்கக் காவலர்களுக்குப் பயிற்சி வேண்டும்.

தாமாக சிகிச்சைக்கு வரும் போதை அடிமைகளுக்கு வழக்கிலிருந்து நிபந்தனையோடு விலக்கு தரும் 64ஏ பிரிவு, போதைப்பொருள் தடுப்புச் சட்டத்திலேயே உள்ளது. தண்டனையைவிட உயிர் பெரிது என்பதைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது. நண்பனுக்காக 108ஐ அழைக்கும் மாணவனைப் பள்ளி தண்டிக்காது என்று தலைமையாசிரியர்கள் வெளிப்படையாக அறிவிக்கட்டும். அடுத்த உறுதிமொழி நாளிலேயே இதைத் தொடங்கலாம்.