டாக்டருக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு தாழ்ப்பாள்!

மெடிக்கல் சீட் கிடைத்துவிட்டால் தெருவுக்கே ஸ்வீட் கொடுக்கிறோம். அந்தப் பிள்ளை ராத்திரி டியூட்டியில் எங்கே படுக்கிறாள், எந்த இருட்டு வராந்தா வழியாக வார்டுக்கு நடக்கிறாள் என்று எத்தனை பேர் கேட்கிறோம்?

என் அக்கா மகள் ஒரு மருத்துவக் கல்லூரியில் ஹவுஸ் சர்ஜன். லீவுக்கு வந்தவள் பேச்சுவாக்கில் சொன்னாள்: "டியூட்டி ரூமுக்குத் தாழ்ப்பாளே இல்ல சித்தி. நாற்காலியை முட்டுக் கொடுத்துட்டுதான் அரை மணி நேரம் கண்ணை மூடுவோம். பாத்ரூமுக்கு ரெண்டு பேராத்தான் போவோம்." அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

பிசையாதா பின்னே? 2024 ஆகஸ்ட் 9-ம் தேதி கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரியில் நடந்ததை மறக்க முடியுமா? மேல்படிப்புப் படித்தபடியே டியூட்டி பார்த்த பெண் டாக்டர், அலுப்புத் தீர கருத்தரங்கு அறையில் படுத்திருந்தபோது சீரழிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். 2025 ஜனவரியில் ஆயுள் தண்டனை பெற்றவன் சுவரேறிக் குதித்து வந்த திருடன் இல்லை. போலீசுக்கு உதவியாளாக இருந்து, ஆஸ்பத்திரிக்குள் சகஜமாக வந்து போனவன். அதற்கு முந்தைய ஆண்டு, 2023 மே மாதம், கேரளாவில் கொட்டாரக்கராவில் ஒரு ஹவுஸ் சர்ஜன் பெண்ணை, சிகிச்சைக்காகப் போலீசார் அழைத்து வந்த ஆளே குத்திக் கொன்றான்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1996-ல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு கொலையானதும், நம் மாநிலம் 1997-லேயே ராகிங் தடைச் சட்டம் கொண்டுவந்தது. இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. புகார் வந்தும் நடவடிக்கை எடுக்காத கல்லூரித் தலைவரும் குற்றத்துக்கு உடந்தை என்கிறது அந்தச் சட்டம். ஆஸ்பத்திரி ஊழியர்களைத் தாக்கினால் தண்டிக்க 2008-ல் தனிச் சட்டம் வந்தது. வேலை செய்யும் இடத்தில் பெண்களுக்குப் பாலியல் தொல்லை கொடுப்பதைத் தடுக்க 2013-ல் ஒரு சட்டம் வந்தது.

ஆனால் இதெல்லாம் நடந்த பிறகு தண்டிக்கத்தான். நடக்காமல் தடுப்பது எது? உள்ளே பூட்டிக்கொள்ளும் தாழ்ப்பாள், பக்கத்திலேயே பெண்களுக்குக் கழிவறை, ஹாஸ்டல் வரை விளக்கு, ராத்திரியில் விழித்திருக்கிற காவலாளி, விடிய விடிய வேலை பார்த்தவளை மறுநாள் சாயங்காலம் வரை நிறுத்தி வைக்காத டியூட்டி முறை. கோடி ரூபாயில் கட்டடம் கட்டுகிறவர்களுக்கு இது பெரிய செலவா?

அடுத்தது, புகார். கெடுபிடி செய்யும் சீனியரிடமும், அசிங்கமாகப் பேசும் ஆசிரியரிடமும்தான் இவர்கள் வேலை கற்க வேண்டும். பிராக்டிகல் மார்க் அவர்கள் கையில். அப்படியிருக்க யார் துணிந்து வாய் திறப்பார்கள்? புகார் கமிட்டியில் வெளி ஆள் ஒருவர் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. பெயருக்கு இல்லாமல் அவர் நிஜமாகவே உட்கார்ந்து விசாரிக்க வேண்டும். புகார் கொடுத்த பிள்ளைக்கு அந்த ஆசிரியர் பரீட்சை நடத்தவும் கூடாது.

நம் பங்கும் இருக்கிறது. ஒரு நோயாளிக்குப் பின்னால் பத்துப் பேர் கேஷுவாலிட்டிக்குள் நுழைகிறார்கள். படுக்கை இல்லை, ரத்தம் கிடைக்கவில்லை, ஸ்கேன் தாமதம் என்று எல்லாவற்றுக்கும் திட்டு வாங்குவது எதிரே நிற்கிற இருபத்துமூன்று வயதுப் பிள்ளைதான். படுக்கை வாங்குவது அவளா? கோபம் நியாயமானால் டீனிடம் எழுதிக் கொடுக்கலாமே. கை ஓங்கும் ஆணை, கூட வந்த பெண்கள்தான் முதலில் பிடித்து நிறுத்த வேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை போனில் அழுதால், "அஞ்சு வருஷம் பல்லைக் கடிச்சுக்கோ" என்று சொல்லாதீர்கள். என்ன நடந்தது என்று தேதி போட்டு எழுதி வைக்கச் சொல்லுங்கள். பாலியல் தொல்லை என்றால் மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். ராகிங் என்றால் 1800-180-5522 என்ற இலவச எண் இருபத்துநான்கு மணி நேரமும் உண்டு.

நம் உயிரைக் காப்பாற்றப் படிக்கிற பிள்ளைகள், நாற்காலியை முட்டுக் கொடுத்துத் தூங்குவது நமக்கெல்லாம் வெட்கம் இல்லையா? சம்பந்தப்பட்டவர்கள் முதலில் தாழ்ப்பாளைப் போடட்டும். மற்றதைப் பிறகு பேசலாம்.

– ஒரு வாசகி, மன்னார்குடி.