ஃபியூஜி மலையில் இரண்டு நாள்

மலை என்றால் நம் வீட்டுப் பெண்களுக்கு இரண்டு விதம்தான் பழக்கம். ஒன்று, வேண்டுதலுக்காகப் படியேறுகிற மலை. இன்னொன்று, கோடை விடுமுறையில் குழந்தைகளோடு பஸ்ஸில் போய் இறங்குகிற ஊட்டி, கொடைக்கானல். முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு, ராத்திரி மலைமேலேயே படுத்து எழுந்து, மறுநாள் இறங்குவதெல்லாம் ஆண்பிள்ளைகள் சமாசாரம் என்று விட்டுவிட்டோம்.

ஜப்பானில் கோடை வந்தால் போதும், ஐம்பது அறுபது வயதுப் பெண்மணிகள்கூடத் தொப்பியும் கைத்தடியுமாக இரண்டு பேர், மூன்று பேர் சேர்ந்து கிளம்பிவிடுகிறார்கள். என் கணவரின் உத்தியோகம் காரணமாக டோக்கியோவில் குடியிருக்கும் நான், இவர்களை ரயிலில் பார்த்துப் பார்த்தே ஆசைப்பட்டவள். 2025 ஆகஸ்டில் என் நாத்தனார் திருச்சியிலிருந்து வந்திருந்தபோது, நாங்கள் இருவரும் ஃபியூஜி மலைக்கு இரண்டு நாள் போய்வந்தோம். ‘எனக்கும் முடியுமா?’ என்று நினைக்கும் சகோதரிகளுக்காக இந்த முறை அதைப்பற்றி எழுதுகிறேன்.

ஃபியூஜிதான் ஜப்பானின் மிக உயரமான மலை, 3776 மீட்டர். நம் தொட்டபெட்டாவைவிட ஆயிரம் மீட்டருக்கு மேல் அதிகம். அது ஓர் எரிமலையும்கூட. கடைசியாக 1707-ல் பொங்கியது. 2013-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தார்கள்.

பெண்களுக்கு மூடியிருந்த மலை

இந்த மலைக்குத் தெய்வம் ஒரு பெண். கோனோஹனா சகுயா ஹிமே என்று பெயர். சுகப்பிரசவம் ஆக வேண்டுமென்று அவளைத்தான் வேண்டிக்கொள்வார்கள். ஆனால் அந்தத் தேவியின் மலையில் உச்சிவரை ஏறப் பெண்களுக்கு அனுமதி இல்லை. தீட்டு என்று சொல்லிப் பல நூறு வருஷம் தடுத்து வைத்திருந்தார்கள். 1832-ல் தகாயாமா தாட்சு என்கிற பெண், ஆண்போல உடையணிந்து, பக்தர் கூட்டத்தோடு உச்சிக்கு ஏறிவிட்டாள். அரசாங்கம் தடையை நீக்கியது 1872-ல்தான். தெய்வம் பெண், கும்பிடப் போகிறவள் மட்டும் பெண்ணாக இருக்கக்கூடாதாம்! இந்தக் கதையைச் சொன்னதும் என் நாத்தனார், “அப்படின்னா நாம கண்டிப்பாப் போகணும் அண்ணி” என்றாள்.

அவளுக்கு வயது நாற்பத்தொன்று. படுத்த படுக்கையாக இருந்த மாமியாருக்கு ஆறு வருஷம் பணிவிடை செய்தவள். அந்த ஆறு வருஷத்தில் ஒரு ராத்திரிகூட வெளியில் தங்கினதில்லை. மாமியார் காலமாகி வருஷம் முடிந்த பிறகுதான் எங்களிடம் வந்தாள். மலைக்குப் போகிறேன் என்று போனில் சொன்னதற்கு, அவள் பிள்ளைகள் “அம்மாவா? மலையா?” என்று சிரித்தார்களாம். அது அவளுக்கு உள்ளுக்குள் தைத்திருந்தது.

கிளம்புமுன்

இரண்டு மாதம் முன்பே தயார் செய்தோம். நான் எங்கள் குடியிருப்பில் லிஃப்டை மறந்து மாடிப்படியில்தான் ஏறி இறங்கினேன். டோக்கியோவுக்கு அருகில் 599 மீட்டர் உயரமுள்ள தகாவோ மலைக்கும் இரண்டு முறை போய்வந்தேன். அவள் திருச்சியில் வாரம் மூன்று நாள் மலைக்கோட்டை ஏறினாள். நானூறுக்கும் மேற்பட்ட படிகள். கடைசியில் எங்கேயும் உட்காராமல் ஏறுகிற அளவுக்கு வந்துவிட்டாள். இரண்டு பேருமே டாக்டரிடம் ரத்த அழுத்தம், சர்க்கரை பார்த்துக்கொண்டோம்.

மூட்டை கட்டும்போதே ஒன்று பேசி வைத்தோம். ‘யாராவது ஒருத்திக்கு முடியவில்லை என்றாலும் இரண்டு பேருமே இறங்கிவிடுவது. அப்போது வாக்குவாதம் கூடாது.’ இதை என் கணவர் முன்னால் சொல்லிவைத்தோம்.

ஃபியூஜியில் ஏற ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் முதல் பத்து நாள், அவ்வளவுதான் காலம். நான்கு பாதைகள் உண்டு. நாங்கள் போனது யோஷிதா பாதை. 2025-ல் நான்கு பாதைகளுக்கும் ஆளுக்கு 4000 யென் கட்டணம். மலைமேல் விடுதியில் இடம் பதிவு செய்யாதவர்களை மத்தியானம் இரண்டு மணிக்குமேல் உள்ளே விடுவதில்லை. ராத்திரி முழுக்கத் தூங்காமல் ஒரே மூச்சில் ஏறி, வழியில் சுருண்டு விழுகிறவர்கள் அதிகமாகிவிட்டதால் இந்த ஏற்பாடு. அதனால்தான் இரண்டு நாள் வைத்துக்கொள்வது நல்லது என்கிறேன்.

முதல் நாள்

டோக்கியோவின் ஷின்ஜுகுவில் காலையில் பஸ் ஏறினால் இரண்டரை மணி நேரத்தில் ஐந்தாம் நிலையத்தில் இறக்கிவிடுகிறது. அடிவாரத்திலிருந்து உச்சிவரை மலையைப் பத்துப் பங்காகப் பிரித்து எண் கொடுத்திருக்கிறார்கள். இந்த ஐந்தாம் நிலையமே சுமார் 2300 மீட்டர். அதாவது ஊட்டி உயரம். வந்த வேகத்தில் ஏறக்கூடாது. உடம்பு அந்தக் காற்றுக்குப் பழக வேண்டும். ஒரு மணி நேரத்துக்குமேல் அங்கேயே உட்கார்ந்து, கொண்டுபோன புளியோதரையைச் சாப்பிட்டோம்.

அங்கே எட்டுப் பட்டை வைத்த மரக் கைத்தடி விற்கிறார்கள். வழியிலுள்ள விடுதிகளில் காசு கொடுத்தால் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் அதில் முத்திரை போட்டுத் தருவார்கள். என் நாத்தனார் ஒன்று வாங்கிக்கொண்டாள். “உச்சி முத்திரையோட ஊருக்குக் கொண்டுபோறேன், பாருங்க” என்றாள்.

ஆறாம் நிலையம்வரை நல்ல பாதை. அப்புறம் சரளையும் கொக்கி கொக்கியான வளைவுகளும். ஏழாம் நிலையத்திலிருந்து பாறை. சில இடத்தில் கையையும் ஊன்றித்தான் ஏற வேண்டும். எங்கள் கணக்கு இதுதான்: பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான் சரியான வேகம். பேச்சு நின்று மூச்சு வாங்கினால் வேகம் ஜாஸ்தி. எங்களைத் தாண்டி ஓடின வாலிபப் பிள்ளைகள் சிலர் அடுத்த விடுதித் திண்ணையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அந்தக் காலத்துப் பக்தர்கள் வெள்ளை உடுத்தி, ‘ரொக்கோன் ஷோஜோ’ என்று கோஷமிட்டபடி ஏறுவார்களாம். கண், காது, மூக்கு, நாக்கு, உடல், மனம் இந்த ஆறும் சுத்தமாகட்டும் என்று அர்த்தம். நாங்கள் “முருகா, முருகா” என்று ஏறினோம். கால் வலிக்கு எந்தப் பாஷையும் ஒன்றுதானே!

நாலரை மணிக்கு எட்டாம் நிலையத்தில், சுமார் 3100 மீட்டரில், எங்கள் விடுதிக்கு வந்து சேர்ந்தோம். விடுதி என்றதும் அறை, கட்டில், வெந்நீர் என்று நினைத்துவிடாதீர்கள். நீளமான மரப் பரணில் வரிசையாகப் படுக்கைப் பைகள். பக்கத்தில் யாரென்றே தெரியாது. குளியல் கிடையாது, முகம் கழுவக்கூடத் தண்ணீர் கிடையாது. கழிப்பறைக்கு ஒவ்வொரு முறையும் 200, 300 யென் சில்லறை போட வேண்டும். தண்ணீரையும் சாப்பாட்டையும் அவ்வளவு உயரம் கொண்டுவருகிறார்கள், குறை சொல்ல நியாயமில்லை. சாப்பாட்டில் பெரும்பாலும் மாமிசம் இருக்கும். நாங்கள் மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் சப்பாத்தியும் கொண்டுபோயிருந்தோம்.

அந்த ராத்திரி

நடுராத்திரி எழுந்து ஏறினால் உச்சியில் சூரியோதயம் பார்க்கலாம் என்பது திட்டம். ஏழு மணிக்கே படுத்தோம். பத்து மணிக்கு என் நாத்தனார் என்னை எழுப்பினாள். தலை வெடிக்கிற மாதிரி வலி என்றாள். வெளியே கூட்டிப்போவதற்குள் வாந்தி.

3000 மீட்டருக்குமேல் ஒவ்வொரு மூச்சிலும் நமக்குக் கிடைக்கிற பிராணவாயு, கடல்மட்டத்தில் கிடைப்பதில் சுமார் பத்தில் ஏழு பங்குதான். சிலர் உடம்பு அதைத் தாங்கும், சிலர் உடம்பு தாங்காது. வலுவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. மலைக்கோட்டையை உட்காராமல் ஏறினவளுக்கு வந்தது. படியேற மூச்சு வாங்கும் எனக்கு ஒன்றுமில்லை.

விடுதிக்காரரை எழுப்பினேன். கோடை மாதங்களில் அந்தப் பாதையில் முதலுதவி நிலையங்கள் உண்டு. அங்கிருந்த டாக்டர் அவளை ஒரு காலுக்கு நேரே மறு காலை வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். கேள்வி கேட்டுப் பதில் தெளிவாக வருகிறதா என்று பார்த்தார். நடை தள்ளாடினாலோ, பேச்சுக் குழறினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு முட்டினாலோ உடனே கீழே இறக்கியாக வேண்டுமாம். இவளுக்கு அப்படி இல்லை. “இன்னும் ஒரு அடிகூட மேலே போகக்கூடாது. மெதுவாகத் தண்ணீர் குடித்துக்கொண்டு சாய்ந்து உட்காரட்டும். வெளிச்சம் வந்ததும் இறங்குங்கள். அதற்குள் அதிகமானால் என்னிடம் வாருங்கள்” என்றார். எனக்குத் தெரிந்த அரைகுறை ஜப்பானிய மொழியில் இவ்வளவும் புரிந்துகொண்டேன்.

நடுராத்திரியில் மற்றவர்கள் விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். அதைப் பார்த்ததும் அவளுக்குத் தாங்கவில்லை.

“அண்ணி, ஒரு தலைவலி மாத்திரை போட்டுக்கிட்டு மெல்ல வந்துடறேன். இவ்வளவு செலவு பண்ணிட்டு…”

“வேண்டாம்மா. டாக்டர் சொன்னதைக் கேட்டே இல்ல?”

“அப்போ நீங்களாவது போயிட்டு வாங்க. நான் இங்கேயே கிடக்கறேன்.”

“கிளம்பும்போது என்ன பேசினோம்?”

அவள் பேசாமல் இருந்தாள். அப்புறம் மெதுவாக, “ஆறு வருஷத்துல எனக்குன்னு கேட்டது இது ஒண்ணுதான் அண்ணி. பாதியிலே வந்துட்டேன்னா பசங்க சிரிப்பாங்க” என்று சொல்லி அழுதுவிட்டாள்.

எனக்கும் தொண்டை அடைத்தது. உச்சி தலைக்குமேலே இருக்கிறது, என் உடம்பிலே தெம்பும் இருக்கிறது. ஆனால் தலைவலி மாத்திரை வலியை மறைக்கும், மலைக்காற்றை மாற்றாது. முடியாத ஒருத்தியைத் தெரியாத இடத்தில் விட்டுவிட்டு எந்த உச்சியில் போய் நிற்பது? அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாம் நாள்

யோஷிதா பாதை கிழக்குப் பார்த்தது போல இருப்பதால் விடுதி வாசலிலிருந்தே உதயம் தெரிகிறது. கீழே ஒரே மேகம், பாலைக் கொட்டிப் பரப்பினது போல. நாலே முக்கால் சுமாருக்கு அதன் விளிம்பில் சிவப்பாக ஒரு கீற்று. அவள் போர்வையைச் சுற்றிக்கொண்டு கைகூப்பி நின்றாள். ஒன்றும் பேசவில்லை.

விடுதிக்காரர் காட்டிய வழியில் நிதானமாக இறங்கினோம். இறங்க இறங்கத் தலைவலி குறைந்தது. ஆறாம் நிலையத்துக்கு வந்ததும், “அண்ணி, பசிக்குது” என்றாள். அந்த வார்த்தையைக் கேட்டபோதுதான் எனக்கு மூச்சே வந்தது.

பஸ்ஸில் வரும்போது அவளுக்கு ஜுன்கோ தாபேய் பற்றிச் சொன்னேன். 1975 மே 16-ல் எவரெஸ்ட் உச்சியை எட்டிய முதல் பெண். வீட்டில் சின்னப் பெண் குழந்தையை வைத்துக்கொண்டு போனவர். பன்னிரண்டு நாள் முன்புதான் பனிச்சரிவில் புதைந்து பிழைத்திருந்தார். 2011 நிலநடுக்கத்தில் பாதிக்கப்பட்ட பகுதியின் பள்ளிப் பிள்ளைகளைப் பின்னாளில் வருஷா வருஷம் ஃபியூஜிக்கு அழைத்துப்போனார். 2016 ஜூலையில் புற்றுநோயோடு கிளம்பியவர், சுமார் 3000 மீட்டரில் தாம் நின்றுகொண்டு பிள்ளைகளை மேலே அனுப்பினார். அந்த அக்டோபரில் காலமானார். எவரெஸ்டையே பார்த்தவருக்கு ஃபியூஜியில் பாதியில் நிற்பது கௌரவக் குறைச்சலாகத் தோன்றவில்லை. “அப்போ நாம அவங்களைவிட நூறு மீட்டர் மேலே போயிருக்கோம்” என்று என் நாத்தனார் சிரித்தாள். இரண்டு நாளில் அவள் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான்.

போக நினைப்பவர்கள் கவனிக்க:

* உயரம் நூறு மீட்டர் கூடினால் வெப்பம் சுமார் 0.6 டிகிரி குறையும். ஆகஸ்டிலும் உச்சியில் விடியற்காலை கைகால் விறைக்கும். கம்பளிச் சட்டை, மழைக்கோட்டு, கையுறை, தலைவிளக்கு அவசியம். புடைவை உதவாது. கணுக்காலை மூடும் பூட்ஸை வீட்டிலேயே பலநாள் போட்டுப் பழக்குங்கள்.
* தாகம் எடுக்கும்வரை காத்திராமல் அடிக்கடி ஒரு வாய் தண்ணீர். கழிப்பறைக்குப் பயந்து தண்ணீரைக் குறைக்காதீர்கள். நூறு யென் நாணயங்கள் நிறைய வைத்துக்கொள்ளுங்கள்.
* மலையில் குப்பைத்தொட்டி கிடையாது. மாதவிலக்கு நாப்கின் உட்பட எல்லாவற்றையும் பையில் கட்டிக் கீழே கொண்டுவர வேண்டும்.
* தூக்க மாத்திரை, மது கூடவே கூடாது. விடுதிக்கு வந்த உடனே படுக்காமல் சற்று நடமாடுங்கள்.
* தலைவலியோடு குமட்டல், தலைசுற்றல், அசதி ஏதாவது சேர்ந்தால் மேலே ஏறாதீர்கள். அதிகமானால் இறங்குவதுதான் மருந்து. கர்ப்பிணிகள், இருதய நோய், ரத்த அழுத்தம், சர்க்கரை உள்ளவர்கள் டாக்டர் அனுமதி இல்லாமல் கிளம்பவே வேண்டாம்.
* துணைக்கு வருபவரோடு முன்கூட்டியே பேசி வையுங்கள். ராத்திரி பத்து மணிக்குக் குளிரில் நின்று முடிவெடுப்பது கஷ்டம். வீட்டில் எடுத்த முடிவு அப்போது கைகொடுக்கும்.

ஃபியூஜிதான் என்றில்லை, நம் நீலகிரியிலும் இமயமலையிலும் போகிற இடத்துக்கெல்லாம் இது பொருந்தும். நீங்களும் தங்கையோ, நாத்தனாரோ, பக்கத்து வீட்டுத் தோழியோ, ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டு ஒரு மலைக்குப் போய்வாருங்கள். இரண்டு நாள் வீடு தானே நடக்கும்.