பெரிய காலும் தொலைந்த எலும்பும்



டைனோசர் என்றாலே நமக்கு சினிமாதான் ஞாபகம் வரும். "அதெல்லாம் அமெரிக்காவுலதான்டா இருந்துச்சு" என்று சொல்பவர்கள் நம் வகுப்பிலேயே உண்டு. இல்லவே இல்லை!

கோதாவரிப் பள்ளத்தாக்கில் சுமார் 18 கோடி வருடங்களுக்கு முன் வாழ்ந்தது பாராபாசாரஸ். இலை தழை தின்னும் சாது. வங்காளியில் 'பரா பா' என்றால் பெரிய கால். தொடை எலும்பு மட்டும் சுமார் 1.7 மீட்டர். நம் பி.டி. சாரைப் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கலாம்! தோண்டிய 1961-ஆம் ஆண்டு தாகூரின் நூற்றாண்டு. அதனால் 1975-ல் முறைப்படி பெயர் வைத்தபோது 'தாகூரை' என்றும் சேர்த்தார்கள்.

தோண்டியது யார் தெரியுமா? கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனம். கணக்குப் போடுகிறவர்களுக்கு எலும்போடு என்ன வேலை என்று மகலனோபிஸ் நினைக்கவில்லை. நிலவியலுக்கும் அங்கே இடம் கொடுத்தார். 6 விலங்குகளின் சுமார் 300 எலும்புகள் கிடைத்தன. மண்டை ஓடு கிடைக்கவில்லை, பல் மட்டும் கிடைத்தது. எலும்புகளைப் பொறுக்கிச் சேர்த்து நிறுத்திய கூடு இன்றும் அங்கே நிற்கிறது.

இப்போது நம் தமிழ்நாட்டுக் கதை. அரியலூர் பக்கம் கல்லமேட்டில் கிடைத்தது புருகத்காயோசாரஸ். சுமார் 7 கோடி வருடப் பழசு. 1980-களின் கடைசியில் அறிவித்தார்கள். முதலில் மாமிசம் தின்பது என்றார்கள், பிறகு தழை தின்பது என்றார்கள். உலகிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்றாக இருக்கலாம் என்றும் சொல்கிறார்கள். சரிபார்க்க எலும்பு வேண்டுமே? அது நொறுங்கிப் போய்விட்டது! படமும் எழுத்தும்தான் மிச்சம்.

என் கருத்து இதுதான்: தொலைந்துபோன பெரிய எலும்பை விட, பத்திரமாக இருக்கும் சின்னப் பல் மேல்.

நம் திருச்செங்கோட்டு மலை வெந்து இறுகிய பாறை. இதில் எலும்பு கிடைக்காது. ஆனால் நம்ம ஊர் ரிக் வண்டி போகாத மாநிலம் ஏது? நம் அப்பா, சித்தப்பா, மாமா எல்லாம் ஊர் ஊராகப் போகிறவர்கள். போர் போட்டால் கல் தூளாகத்தான் வரும். ஆனால் போகிற ஊரில் கிணறு வெட்டும் இடத்திலோ, குவாரியிலோ எலும்பு மாதிரி கல் கண்ணில் படலாம். "உடைக்காதீங்க, எடுக்காதீங்க, நிலவியல் துறைக்குச் சொல்லுங்க" என்று அவர்களிடம் சொல்ல வேண்டியது நாம்தான்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். டூர் என்றால் தண்ணீர் தீம் பார்க்தானா? ஒரு தடவை அரியலூர் வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போங்கள். பார்த்தவன்தான் பாதுகாப்பான்!

– 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்