துடக்குக் கழிந்தபின்னும் தீராத கடன்

நீரிழிவைச் 'சீனி வருத்தம்' என்பது யாழ்ப்பாணத்து வழக்கு. பெயரே பழியாகிவிட்டது. கருவுற்ற பெண்ணொருத்தியின் குருதியில் குளுக்கோசு மிகுந்துள்ளதென்று அறிந்த மாத்திரத்தே, "வாயைக் கட்டியிருக்க வேண்டாமோ?" என்று சுற்றத்தார் அவளைக் கடிவர். பிள்ளை பிறந்ததும், "இனி அது போய்விடும்" என்று அமைதியுறுவர். முன்னையது பழி, பின்னையது பழியினும் தீங்கான அரையுண்மை.

உடலின் இயல்பை நோக்குவோம். உணவின் மாப்பொருள் குளுக்கோசாகிக் குருதியிற் கலக்கிறது. அது கலங்களுட் புகத் துணைநிற்பது சதையி சுரக்கும் இன்சுலின். கருப்பகாலத்தின் பிற்பாதியில், சூல்வித்தகத்தின் ஓமோன்கள் இன்சுலினின் ஆற்றலைத் தளர்த்துகின்றன. கருவுக்கு உணவு குறையாதிருக்க இயற்கை வகுத்த ஏற்பாடு அது. பெரும்பாலான தாய்மாரிடத்துச் சதையி மேலும் சுரந்து ஈடுசெய்கிறது. ஈடுசெய்ய இயலாதவிடத்தே கருப்பகால நீரிழிவு தோன்றுகிறது. குடும்பவழி, வயது, உடற்பருமன் ஆகியன அதற்கு ஏதுவாகும். உண்ட ஓர் அரியதரத்தின்மேற் குற்றம் முழுவதையும் சுமத்துவது எவ்வாறு பொருந்தும்?

தாயின் குளுக்கோசு சூல்வித்தகத்தைக் கடந்து சிசுவை அடையும். அவளது இன்சுலினோ கடவாது. எனவே சிசு தானே இன்சுலினை மிகுதியாகச் சுரந்து பருக்கிறது. பிறந்தபின் அதன் குருதியிற் குளுக்கோசு திடீரெனத் தாழவும் கூடும். உணவுக் கட்டுப்பாடு வேண்டுவது இதனாலேயே. ஆயின் நாம் செய்வதென்ன? சீனியை விலக்கிப் பனங்கட்டியைக் கையிற் கொடுக்கின்றோம். பனங்கட்டியின் பெரும்பகுதியும் சீனியே என்பதை எண்ணுவதில்லை. "இரண்டு உயிருக்கும் சேர்த்துச் சாப்பிடு" என்று புட்டைக் குவிப்பவரும், மறுநாள் அவளை ஏசுபவரும் ஒருவரே!

பிள்ளை பிறந்தபின் நிகழ்வது இதனினும் கொடிது. சூல்வித்தகம் நீங்கியதும் பெரும்பாலோருக்குக் குளுக்கோசு சீராவது மெய்யே. ஆனால் சதையியின் தளர்வு நீங்கிவிட்டதென்பது பொருளன்று. 20 ஆய்வுகளைத் தொகுத்து 2009இல் 'லான்செட்' இதழில் வெளிவந்த கட்டுரை, இத்தாய்மாருக்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு ஏனையோரினும் ஏழு மடங்களவு என்று காட்டிற்று. பிரசவத்தின் பின் 6 தொடக்கம் 12 கிழமைகளுக்குள் மீள்சோதனை வேண்டுமென்பதும், அதன்பின்னும் காலந்தோறும் சோதித்தல் வேண்டுமென்பதும் இதனாலேயே.

முப்பத்தோராம் நாளிலே துடக்குக் கழிக்க மறவாத குடும்பம், இச்சோதனை நாளை மறப்பதேன்? தாய்க்கு நேரமில்லை என்பர். வெறும் வயிற்றோடு சென்று, 75 கிராம் குளுக்கோசைப் பருகி, இரண்டு மணிநேரம் காத்திருக்க வேண்டும்; கையிற் பச்சிளம் பிள்ளை வேறு. உண்மைதான். ஆயின் அந்த இரண்டு மணிநேரம் பிள்ளையை ஏந்துதற்குத் தந்தைக்குக் கையில்லையா? பேரப்பிள்ளையைக் கொஞ்சும் மாமிக்கு மடியில்லையா? நேரமில்லாதது தாய்க்கன்று, அவள்மீது அக்கறை கொள்ள நமக்கே நேரமில்லை. சிசுவைச் சுமக்கும்வரை அவளைக் காத்து, இறக்கியதும் மறப்பதாயின், நாம் காத்தது தாயையன்று, கொள்கலத்தையே.

1847இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சமுவேல் கிறீன், மானிப்பாயிலே மேலைமருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். அத்தமிழ் இன்று ஒரு தாய்க்குப் பழிச்சொல்லை மட்டும் வழங்குமாயின், அது நமக்கு நாணமன்றோ? கற்றவர் தத்தம் இல்லத்திலேயே தொடங்குக: பழிப்பதை விடுத்து விளக்குக, துடக்குக் கழிவுக்கு நாட்குறிக்கும் அதே நாட்காட்டியிற் சோதனை நாளையும் குறித்து வைக்குக.