குறைமாதப் பிள்ளையின் நோவும் தாயின் குரலும்

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு வைத்தியசாலையிலே, குறைமாதப் பிள்ளைகளைப் பராமரிக்கும் பிரிவின் கதவோரமாக ஓர் இளந்தாய் நின்றுகொண்டிருந்தார். ஏன் வெளியே நிற்கிறீர் என்று விசாரித்தேன். "பிள்ளைக்கு இரத்தம் எடுக்கினம் சுவாமி. என்னை வெளியில நிக்கச் சொல்லிப்போட்டினம். அது அழுறது எனக்குக் கேக்குது. நான் இஞ்ச நிக்கிறது அதுக்குத் தெரியாது" என்றார். அந்தத் தாய் நிற்க வேண்டிய இடம் கதவுக்கு வெளியேயா, பிள்ளையின் பக்கத்திலேயா? இதையே இங்கு சிந்திக்க விரும்புகிறேன்.

முப்பத்தேழு வாரங்கள் நிறைவதற்கு முன் பிறக்கும் பிள்ளையையே குறைமாதப் பிள்ளை என்கிறோம். 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 1 கோடியே 34 இலட்சம் பிள்ளைகள் இவ்வாறு பிறந்தன. இப்பிள்ளைகளின் உயிரைக் காப்பதற்காகவே அவர்களுக்கு நோவு கொடுக்க வேண்டியிருக்கிறது. குதிக்காலில் குத்தி இரத்தம் எடுக்கிறார்கள். மூக்கு வழியே குழாய் விடுகிறார்கள். ஒட்டிய பிளாஸ்டரை உரிக்கும்போது மெல்லிய தோலும் நோகிறது.

"பச்சைப் பிள்ளைக்கு என்ன தெரியும்?" என்று நாம் சொல்வதுண்டு. படித்த வைத்தியர்கள் பலரும் 1980கள் வரை அப்படித்தான் நம்பினார்கள். பிறந்த குழந்தைகளுக்குப் போதிய வலிநீக்கி மருந்தின்றியே சத்திரசிகிச்சை செய்யப்பட்ட காலம் அது. இந்தியாவில் மருத்துவம் பயின்ற கன்வல்ஜீத் ஆனந்த் என்ற வைத்தியரும் அவருடைய குழுவினரும் இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்டில் செய்த ஆய்வு 1987இல் வெளியானது. சத்திரசிகிச்சையின்போது வலிநீக்கி மருந்து பெறாத குறைமாதப் பிள்ளைகளின் உடலில் அதிர்ச்சியின் அறிகுறிகள் மிகுந்திருந்தன. பின்விளைவுகளும் கூடுதலாக இருந்தன. பிள்ளைக்கு நோகும் என்பதை உலகம் ஏற்றுக்கொண்டதற்கு இத்தகைய ஆய்வுகளே வழிதிறந்தன.

நோவைக் குறைப்பதற்கு மருந்து உண்டு. ஆனால் நாளுக்குப் பலமுறை குத்த வேண்டிய பிள்ளைக்கு ஒவ்வொரு முறையும் வலுவான மருந்து கொடுக்க முடியாது. இங்கேதான் பாட்டும் தாயின் குரலும் துணைக்கு வருகின்றன.

கருவிலிருக்கும் பிள்ளையின் காது ஆறு மாதமளவிலேயே ஒலியை உணரத் தொடங்கிவிடுகிறது. தாயின் இதயத் துடிப்பையும் குரலையும் கேட்டுக்கொண்டே அது வளர்கிறது. முன்கூட்டியே பிறந்துவிட்டால் அந்த ஒலிகள் திடீரென அறுந்துபோகின்றன. கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கும் பிள்ளைக்குக் கேட்பது இயந்திரத்தின் இரைச்சலும் எச்சரிக்கை மணியுமே.

அமெரிக்காவில் ஜோன் லோவி என்பவரின் தலைமையில் 11 வைத்தியசாலைகளில் 272 குறைமாதப் பிள்ளைகளிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2013இல் வெளிவந்தது. ஒலிப்பதிவு எதுவும் அங்கு பயன்படுத்தப்படவில்லை. எல்லாம் நேரடி இசையே. தாலாட்டுக் கேட்கும்போது பிள்ளைகளின் இதயத் துடிப்புத் தணிந்தது. பெற்றோர் தாமே தெரிந்தெடுத்த பாட்டைத் தாலாட்டாகப் பாடியபோது பிள்ளைகள் நன்றாக உறிஞ்சிக் குடித்தன. பெற்றோரின் மனப்பாரமும் குறைந்தது.

நோவைப் பற்றியே நேரடியாக ஆராய்ந்தவர்களும் உண்டு. இத்தாலியின் அவோஸ்தா நகர வைத்தியசாலையில் 20 குறைமாதப் பிள்ளைகளின் குதிக்காலில் இரத்தம் எடுக்கும்போது, ஒருநாள் தாய் இல்லாமலும், ஒருநாள் தாய் பக்கத்திலிருந்து பேசியும், ஒருநாள் பாடியும் பார்த்தார்கள். 2021இல் வெளியான முடிவின்படி, தாய் பேசியபோது வலியின் அளவு 4.5இலிருந்து 3 ஆக இறங்கியது. பாடியபோதும் குறைந்தது, ஆனால் பேச்சின் பயனே கூடுதலாக இருந்தது. ஆகவே பாடத் தெரியாத தாய் கவலைப்பட வேண்டியதில்லை. அவருடைய பேச்சே பிள்ளைக்குப் போதுமான இசை.

இதை மிகைப்படுத்தவும் கூடாது. 25 ஆய்வுகளைத் தொகுத்து 2023இல் வெளியான மதிப்பீடு, இசையால் இதயத் துடிப்புத் தணிகிறது என்றது. ஆனால் இரத்தத்தில் ஒட்சிசன் அளவு கூடியதாகக் காணவில்லை. வைத்தியர் தரவேண்டிய மருந்துக்குப் பாட்டு ஈடாகாது. நோவு கடுமையான இடத்தில் மருந்து வேண்டும். அதற்குத் துணையாகத்தான் குரல் வேண்டும்.

தாய்மார் உள்ளே நின்றால் இடைஞ்சல், கிருமி தொற்றும், பார்த்து மயங்கி விழுவார்கள் என்று சொல்லப்படுவதுண்டு. இவற்றில் நியாயம் இல்லாமலில்லை. இடநெருக்கடியில் இரவு பகலாக உழைக்கும் தாதிமாரை நாம் குறைகூறவும் முடியாது. ஆயினும் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவ எந்தத் தாயும் பழகிக்கொள்வார். பார்க்க முடியாதவர் முகத்தைத் திருப்பிக்கொண்டும் பேசலாம். உலக சுகாதார நிறுவனமும் 2022இல் வெளியிட்ட பரிந்துரைகளில், குறைமாதப் பிள்ளையின் அன்றாடப் பராமரிப்பில் குடும்பத்தவரைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறது. தாயின் நெஞ்சோடு தோலுக்குத் தோல் படும்படி பிள்ளையை அணைத்து வைக்கும் முறையையும் அது வலியுறுத்துகிறது. அணைப்பும் குரலும் ஒருங்கே கிடைத்தால் அதைவிட நல்லது வேறென்ன?

பாடுவதிலும் நிதானம் வேண்டும். ஒருவர் மட்டும், மெல்லிய குரலில், ஆறுதலாகப் பாட வேண்டும். குறைமாதப் பிள்ளைகள் இருக்கும் அறையில் ஓசை 45 டெசிபலைத் தாண்டலாகாது என்று அமெரிக்கக் குழந்தை வைத்தியர் சங்கம் 1997இலேயே கூறியது. அது தாழ்ந்த குரலில் பேசும் அளவுதான். கைத்தொலைபேசியில் பாட்டைப் போட்டுப் பெட்டிக்குள் வைப்பது கூடவே கூடாது. பிள்ளை முகம் சுளித்தால், விரல்களை விரித்தால், நிறம் மாறினால் உடனே நிறுத்தித் தாதியிடம் சொல்ல வேண்டும். தந்தையும் பேசலாம்; பேத்தியாருக்குத் தெரிந்த ஓராட்டும் உதவும்.

ஆகவே, உங்கள் குடும்பத்திலோ அயலிலோ ஒரு பிள்ளை முந்திப் பிறந்தால், வைத்தியசாலையில் பணிவாக, ஆனால் தயங்காமல் ஒரு கேள்வி கேளுங்கள்: "பிள்ளைக்கு ஊசி குத்தும்போது நான் பக்கத்தில் நிற்கலாமா?" இதைக் கேட்பது குற்றமல்ல. கேட்பவர்கள் பெருகினால் கதவும் மெல்லத் திறக்கும். தாய் பக்கத்தில் நிற்கிறார் என்பது பிள்ளைக்குத் தெரிய வேண்டும். அதைத் தெரிவிக்க அந்தத் தாயின் குரல் போதும்.